மூன்று நியூரான்கள், ஒரே வாசல்: மீன் கருவில் இயக்க நரம்புகள் உருவாகும் விதம்

வரிக்குதிரை மீனின் முட்டை கருவுற்று ஏறக்குறைய 17 மணி நேரம் ஆனதும் கரு தானாகவே வாலைச் சுருட்டி நீட்டத் தொடங்கும். 28.5 டிகிரி செல்சியஸில் வளர்த்தால்தான் இந்தக் கணக்கு. தண்ணீர் குளிர்ந்தால் எல்லாமே தாமதமாகும். அந்த அசைவை நடத்தும் முதல்நிலை இயக்க நியூரான்களை, அதாவது முதலில் தோன்றித் தசையை இயக்கும் நரம்புச் செல்களை, விரல்விட்டு எண்ணலாம். ஒவ்வொரு தசைக் கண்டத்திலும் பக்கத்துக்கு மூன்று: கேப், மிப், ரோப். கேப் வயிற்றுப்பக்கத் தசைக்கும், மிப் முதுகுப்பக்கத் தசைக்கும், ரோப் இடைப்பட்ட தசைக்கும் ஆக்சானை (நியூரானிலிருந்து நீளும் இழையை) அனுப்பும். பல கண்டங்களில் வேப் என்ற நான்காவதும் தோன்றும். பெரும்பாலும் அது பிழைப்பதில்லை.

தண்டுவடத்தின் அடியில் ஓடும் தண்டு போன்ற முதுகுநாணும் தண்டுவடத்தின் அடித்தளமும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் புரதத்தைச் சுரக்கின்றன (ஆம், வீடியோ கேம் பாத்திரத்தின் பெயர்தான்). மேலே போகப்போக அதன் செறிவு குறையும். குறிப்பிட்ட செறிவு கிடைக்கும் செல்களில் ஒலிக்2 மரபணு விழிக்கிறது. ஒலிக்2-ஐத் தடுத்தால் இயக்க நியூரான்கள் உருவாவதில்லை. எத்தனை செல்கள் முந்திக்கொண்டு நியூரான் ஆகலாம் என்பதை அண்டைச் செல்களுக்கிடையே நடக்கும் டெல்டா–நாட்ச் சமிக்ஞை கட்டுப்படுத்துகிறது. அது பழுதானால் முதல்நிலை நியூரான்கள் பெருகும். பின்னால் வரவேண்டிய இரண்டாம்நிலை நியூரான்களுக்குச் செல்கள் மிஞ்சாது.

அடுத்ததில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். மூன்றும் முதலில் ஐலெட்1 மரபணுவையே இயக்குகின்றன. ஆக்சான் முளைப்பதற்குச் சற்று முன் கேப் மட்டும் ஐலெட்2-க்கு மாறுகிறது. ஆகவே ஐலெட்2 இருந்தால் கேப் என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் ஐலெட்1-ஐ முடக்கினால் முதல்நிலை இயக்க நியூரான்களே இல்லாமல் போய், அந்த இடத்தில் இடைநியூரான்கள் (நியூரான்களுக்கிடையே செய்தி கடத்துபவை) கூடுகின்றன. ஒரு ஐலெட் இல்லாத குறையை மற்றொன்று ஈடுகட்டவும் முடிகிறது. அப்படியானால் ஐலெட் அடையாளம் காட்டுகிறதே தவிர, எந்த வகை என்பதைத் தீர்மானிப்பதில்லை.

தீர்மானிப்பதில் இடத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நரம்பியல் ஆய்வாளர் ஜூடித் ஐசன் 1991-இல் மிப் செல்லைக் கேப்பின் இடத்துக்கு மாற்றி நட்டார். ஆக்சான் முளைக்க இரண்டு மூன்று மணி நேரம் இருக்கையில் மாற்றினால் அது கேப்பாக வளர்ந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், பெரும்பாலும் பழைய வழியையே பிடித்தது.

மூன்று ஆக்சான்களும் ஒரே வாசல் வழியே தண்டுவடத்தை விட்டு வெளியேறி, கண்டத்தை மேல், கீழ் எனப் பிரிக்கும் கிடைத்தடுப்பு வரை ஒன்றாகவே இறங்கி, அங்கேதான் பிரிகின்றன. தசையில் மஸ்க் புரதம் இல்லாத மீன்களில் இந்தச் சந்திப்பில் ஆக்சான்கள் தடுமாறித் தவறான பக்கம் போகும். ஆக்சானுக்கு வழிகாட்டும் பிளெக்ஸின் ஏ3 புரதம் இல்லையென்றால் பிழை இன்னும் முன்னதாகவே நேரும்: வாசலையே தவறவிட்டு வேறு இடங்களில் வெளியேறுகின்றன.

இத்தகைய சோதனைகளிலிருந்து முடிவு சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். ஹெட்ஜ்ஹாக்கைத் தடுத்த கருவில் ஆக்சான் வழி தவறினால் நியூரானை மட்டும் குறை சொல்ல முடியாது. மெதுவாகச் சுருங்கும் மெதுதசையும் அதே சமிக்ஞையை நம்பியே உருவாகிறது. ஒரு மரபணுவைத் தற்காலிகமாக முடக்கும் மார்போலினோ ஊசியை ஒரு செல் முதல் நான்கு செல் நிலைக்குள் போட வேண்டும். அளவு கூடினால் செல் இறப்பைத் தூண்டும் பி53 விழித்து நியூரான்கள் சாகும். அதை மரபணுவின் விளைவென்று எண்ணி ஏமாறலாம். நிலையான மரபணு மாற்ற மீனோடு ஒப்பிடாமல் முடிவு சொல்வது ஆபத்து. ஒப்பிடும்போதும் அதே எண்ணுள்ள கண்டங்களையே பார்க்க வேண்டும். வால்பக்கக் கண்டங்கள் பின்னால் உருவானவை என்பதால், அங்கே குட்டையாகத் தெரியும் ஆக்சான் வெறுமனே இளையதாக இருக்கலாம்.