பீப்பாய்க்குள் வெந்தய வாசம்

சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த முறை பிரான்சிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்தபோது, குட்டையாக, தோள் அகன்ற ஒயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தார். திறந்ததும் அத்தை கேட்டார்: "என்ன தம்பி, பாட்டில்ல வெந்தயமா கொண்டாந்தே?"

அத்தையின் மூக்கு சரியாகவே சொன்னது.

அது ழூரா என்ற பகுதியின் மஞ்சள் ஒயின். பிரான்சின் கிழக்கே, சுவிட்சர்லாந்து எல்லையை ஒட்டிய மலைப்பகுதி. போர்தோ அளவுக்குப் பெயர் பெறாத, சுமார் 2,000 ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் மட்டுமே உள்ள இடம். போன அக்டோபரில் சித்தப்பா அங்கே ஆர்புவா என்ற ஊருக்குப் போயிருந்தார். இங்கே ஐப்பசி மழை பிடிக்கும் சமயத்தில் அங்கே கொடிகளின் இலை மஞ்சளாகி, சவான்யேன் என்ற வெள்ளைத் திராட்சையைக் கடைசியாகப் பறித்துக்கொண்டிருப்பார்கள். நிலவறைக்குள் அழைத்துப்போனவர் முதலில் சொன்னது, "பீப்பாயை அசைக்காதீர்கள்."

காரணம் இருக்கிறது. சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் ஆல்கஹாலாக மாற்றுகிறது. நம்மூர் கள்ளிலும் இதேதான் நடக்கிறது. ஆனால் காலையில் இறக்கிய கள் மாலைக்குள் புளிப்பேறி, அப்புறம் காடியாகிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு சில பாக்டீரியாக்கள் ஆல்கஹாலை அசிட்டிக் அமிலமாக்கிவிடுகின்றன. அதனால்தான் மற்ற இடங்களில் பெரும்பாலும், பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே ஊற்றி நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். ழூராவின் மஞ்சள் ஒயினுக்கு நிரப்புவதே இல்லை. குறைந்தது 60 மாதம், மேலே காற்று இருக்க அப்படியே விட்டுவிடுகிறார்கள்.

பிறகு ஏன் காடியாகவில்லை? சர்க்கரை தீர்ந்ததும் சில வகை ஈஸ்ட் செல்கள் தங்கள் மேற்பரப்பை நீர் ஒட்டாததாக மாற்றிக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டி மேலே மிதக்கின்றன. பால் மேல் படியும் ஆடை மாதிரி ஒரு மெல்லிய படலம். இனி அவற்றுக்கு ஆல்கஹால்தான் உணவு, அதற்கு ஆக்சிஜன் வேண்டும். உள்ளே வரும் ஆக்சிஜனைப் படலமே எடுத்துக்கொள்வதால் காடியாக்கும் பாக்டீரியாவுக்குப் பெரிதாக எதுவும் மிஞ்சுவதில்லை. அசைத்தால் படலம் கிழிந்து மூழ்கிவிடும்.

அப்போது உண்டாகும் அசிட்டால்டிஹைடு, ஒயினிலுள்ள இன்னொரு அமிலத்தோடு மெதுவாகச் சேர்ந்து சோட்டோலோன் என்ற பொருளாகிறது. வெந்தயத்துக்கு அதன் வாசனையைத் தருவதும் இதே சோட்டோலோன்தான். வெந்தயம் நிறையச் சாப்பிட்டால் மறுநாள் வியர்வையில்கூட அந்த வாசம் வருமே, அதுவும் இதனால்தான். ஒரு கொடியின் பழத்தில் துளியும் இல்லாத ஒன்றை ஈஸ்டும் காலமும் சேர்ந்து உண்டாக்குவது எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

ஈஸ்ட் வெளியிலிருந்துதான் பழத்துக்கு வருகிறது என்பதை லூயி பாஸ்டர் காட்டியதும் ஆர்புவா பக்கத்தில்தான். அவர் வளர்ந்த ஊர் அது. 1878இல் சில கொடிகளைக் கண்ணாடிக் கூடு கட்டி மூடினார். உள்ளே பழுத்த திராட்சையின் சாறு நொதிக்கவில்லை.

பாட்டிலின் அளவு 620 மில்லி. ஒரு லிட்டர் ஒயினில் இத்தனை ஆண்டு கழித்து மிஞ்சுவது இவ்வளவுதான் என்பார்கள். சித்தப்பா அன்று ராத்திரி வெந்தயம் தாளித்த வஞ்சிர மீன் குழம்போடு கொஞ்சம் குடித்துவிட்டு, மீதியை மூடி வைத்தார். ஆக்சிஜனோடு இவ்வளவு காலம் பழகிய ஒயின் என்பதால், திறந்த பிறகும் பல வாரம் கெடாமல் இருக்கும்.