எச்-1பி ஊழியருக்கு உரிய எல்சிஏ நகல்: அதில் என்ன இருக்கிறது, ஏன் படிக்க வேண்டும்

பெங்களூரில் ஒயிட்ஃபீல்டிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் பணிபுரிந்து, எச்-1பி பணி விசாவில் அமெரிக்கா செல்லும் தமிழர்களில் பலர், விசா நேர்காணலுக்குச் சென்னைக்குப் புறப்படும்முன் ஐ-797 ஒப்புதல் அறிவிப்பைப் பலமுறை சரிபார்க்கிறார்கள்; தங்கள் சம்பளத்துக்கும் பணியிடத்துக்கும் சட்டப் பொறுப்பை நிறுவனத்தின்மேல் சுமத்தும் எல்சிஏவைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இங்கிருந்தபடி இந்த விண்ணப்பங்களைத் தயாரிக்கும் பாராலீகல் (வழக்கறிஞரின் சட்ட உதவியாளர்) என்ற முறையில், கோப்பிலேயே ஊழியருக்கு மிகவும் பயன்படும் தாள் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

லேபர் கண்டிஷன் அப்ளிகேஷன், அதாவது தொழிலாளர் நிபந்தனை விண்ணப்பம், என்பதன் சுருக்கமே எல்சிஏ. எச்-1பி மனுவான ஐ-129ஐக் குடியேற்றத் துறையிடம் தருவதற்கு முன்பே, நிறுவனம் ஈடிஏ-9035 என்ற படிவத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் இணையவழி தாக்கல் செய்து சான்று பெற வேண்டும். பணி தொடங்கும் நாளுக்கு 6 மாதங்களுக்கு முன்னதாக இதைத் தாக்கல் செய்ய முடியாது. அத்துறை 7 வேலை நாட்களில் முடிவு சொல்லும். படிவம் முழுமையாக உள்ளதா, வெளிப்படையான பிழை உண்டா என்பதை மட்டுமே அத்துறை அப்போது பார்க்கிறது என்பதால், சான்றளிக்கப்பட்ட எல்சிஏ என்றாலே உள்ளே எழுதியவை அனைத்தும் சரிபார்க்கப்பட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. அதை மீறினால் பின்னர் விசாரணை வரும்.

அந்த உறுதிமொழியில் முதன்மையானது சம்பளம். அதே தகுதியோடு அதே வேலையைச் செய்யும் மற்ற ஊழியர்களுக்கு நிறுவனம் உண்மையில் தரும் ஊதியம், அந்தப் பகுதியில் அந்த வேலைக்கு நிலவும் ஊதியம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதையே தர வேண்டும். நிலவும் ஊதியம் 4 நிலைகளாக வகுக்கப்படுகிறது. பத்தாண்டு அனுபவமுள்ளவரின் எல்சிஏவில் மிகக் குறைந்ததான முதல் நிலை குறிக்கப்பட்டிருந்தால், அது ஏன் என்று கேட்பதில் தவறே இல்லை, ஏனெனில் நிலையை முடிவு செய்வது அந்தப் பதவிக்குத் தேவையான தகுதிதான் என்றாலும், பதவியைச் சிறியதாக விவரித்து ஊதியத்தைக் குறைக்கவும் அங்கே இடமிருக்கிறது.

பணி ஒதுக்கப்படாமல் ‘பெஞ்ச்’சில் உட்கார வைக்கும் காலத்துக்கும் இந்தச் சம்பளம் உண்டு. திட்டம் கிடைக்கவில்லை என்பது நிறுவனத்தின் சிக்கல். அதற்காக ஊழியரின் ஊதியத்தை நிறுத்த முடியாது. வேலை இன்னும் தொடங்காவிட்டாலும், எச்-1பியில் அமெரிக்காவுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் சம்பளம் தொடங்கியாக வேண்டும். ஏற்கெனவே அங்கே இருந்தபடி வேறு விசா நிலையிலிருந்து எச்-1பிக்கு மாறியவருக்கு இது 60 நாட்கள். ஊழியர் தாமாகக் கேட்டு எடுக்கும் விடுப்புக்கு இந்தக் கட்டாயம் பொருந்தாது. ஆகவே, வேலை இல்லாத வாரங்களுக்கு “விடுப்பு வேண்டும்” என்று ஊழியரையே எழுதித் தரச் சொன்னால், கையெழுத்திடுமுன் யோசிக்க வேண்டும்.

கட்டண விஷயத்திலும் விதி தெளிவாகவே இருக்கிறது. நிறுவனத்தின் அளவைப் பொறுத்து 750 அல்லது 1,500 டாலராக அமையும், மனுவோடு அரசுக்குச் செலுத்தும் பயிற்சிக் கட்டணத்தை ஊழியரிடமிருந்து எந்த வடிவிலும் வசூலிக்கக் கூடாது. எல்சிஏவுக்கும் எச்-1பி மனுவுக்குமான வழக்கறிஞர் செலவும் நிறுவனத்தின் தொழிற்செலவே. குடும்பத்தாருக்கான எச்-4 செலவு வேறு.

எல்சிஏவில் எழுதிய பணியிடமும் கவனத்துக்குரியது. அன்றாடம் சென்று வரக்கூடிய அந்தப் பகுதிக்கு வெளியே நிரந்தரமாகப் பணியிடம் மாறினால், நிறுவனம் புதிய எல்சிஏ பெற்று, திருத்திய மனுவையும் தர வேண்டும் என்று 2015இல் சிமியோ சொல்யூஷன்ஸ் வழக்கில் முடிவானது. வீட்டிலிருந்து வேலை செய்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் முன் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியது இதனால்தான்.

சான்றளிக்கப்பட்ட எல்சிஏவின் நகலை, ஊழியர் வேலைக்குச் சேரும் நாளுக்குள் நிறுவனம் தந்தாக வேண்டும்; இது சலுகை அன்று. தராவிட்டாலும், தாக்கல் செய்த ஒரு வேலை நாளுக்குள் நிறுவனம் திறந்து வைக்க வேண்டிய பொதுப் பார்வைக் கோப்பில் அந்த எல்சிஏவையும் ஊதிய விகிதத்தையும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சம்பளம் குறைந்தாலோ பிடிக்கப்பட்டாலோ, தொழிலாளர் துறையின் ஊதியம் மற்றும் பணிநேரப் பிரிவிடம் டபிள்யூஎச்-4 படிவத்தில், மீறல் நடந்த 12 மாதங்களுக்குள் புகார் தரலாம். புகார் தந்தவரைப் பழிவாங்குவதும் சட்டமீறலே. எல்சிஏ நகலோடு சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வேலை ஒதுக்கீடு பற்றிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றைச் சொந்தக் கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் வேலை போன அன்றே அலுவலகக் கணக்கு மூடப்பட்டுவிடும். மனுவைத் தயாரிக்கும் அலுவலகத்துக்குக் கட்டணம் தருவது நிறுவனம்தான். என் போன்ற பாராலீகல்கள் சட்ட ஆலோசனை தரவும் முடியாது. எனவே நிறுவனத்தோடு தகராறு என்று வந்தால், ஊழியர் தமக்கென்று தனி வழக்கறிஞரை அணுக வேண்டும்.