நீலகிரிக்கு மூன்று, குமரிக்கு ஆறு

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு முன்பு ஏழு சட்டமன்றத் தொகுதிகள். 2011 தேர்தலில் ஆறுதான். திருவட்டாறு பட்டியலிலேயே இல்லை. அதே தேர்தலில் சென்னையின் 14 தொகுதிகள் 16 ஆகியிருந்தன. இதில் அரசியல் தேடும் முன் ஒரு வகுத்தல் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு மாநிலத்தின் தொகுதிகள் இயன்றவரை சமமான மக்கள்தொகையோடு இருக்க வேண்டும் என்கிறது அரசமைப்பின் 170-வது பிரிவு. வாக்காளர்கள் மட்டுமல்ல, கைக்குழந்தையும் கணக்கில் உண்டு. 2001 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 6,24,05,679 பேர். 234-ஆல் வகுத்தால் தொகுதிக்குச் சுமார் 2,66,700. தொகுதி மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால், தொகுதி எல்லைகளை வரையும் எல்லை நிர்ணய ஆணையம் முதலில் மாவட்டவாரியாகப் பங்கு பிரித்தது. சென்னைக்கு 16.29, குமரிக்கு 6.28, நீலகிரிக்கு 2.86.

சரி, 0.28 எம்எல்ஏவை எப்படித் தேர்ந்தெடுப்பது? முழு எண்ணாக்கத்தான் வேண்டும். குமரிக்கு 6, நீலகிரிக்கு 3. இதனால் குமரியில் தொகுதிக்குச் சராசரியாக 2.79 லட்சம் பேர், நீலகிரியில் 2.54 லட்சம். ஒன்று மாநிலச் சராசரிக்கு ஏறக்குறைய 5 சதவீதம் மேலே, மற்றது அதே அளவு கீழே. ஆணையம் 10 சதவீதம் வரை ஏற்ற இறக்கத்தை அனுமதித்திருந்தது. குமரிக்குப் பழையபடி ஏழே கொடுத்திருந்தால் அந்த வரம்பு மயிரிழையில் மீறப்பட்டிருக்கும். நீலகிரிக்கு இரண்டு கொடுத்திருந்தாலோ, தொகுதிக்கு 3.81 லட்சம், சராசரியைவிட 43 சதவீதம் அதிகம்! சிறிய மாவட்டங்களில்தான் இந்தப் பின்னம் இப்படி ஆட்டம் காட்டும். சென்னையில் ஓர் இடம் கூடினாலோ குறைந்தாலோ அது 16 பங்காகப் பரவிவிடும்.

தனித் தொகுதிகளுக்கும் இதே கணக்குதான். பழங்குடியினர் மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 சதவீதம்; பங்கு 2.44 வந்தது, கிடைத்தவை ஏற்காடும் சேந்தமங்கலமும். பட்டியல் சாதியினருக்கு 44.46 வந்து 44 ஆனது.

ஆனால் தொகுதி வரைந்த பிறகும் மக்கள் இடம் மாறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். 2021-இல் சென்னைப் புறநகரான சோழிங்கநல்லூரின் வாக்காளர் எண்ணிக்கை ஏழு லட்சத்தை நெருங்கியது. பழைய சென்னையின் துறைமுகம் தொகுதியில் 1.8 லட்சம்கூட இல்லை. அதாவது துறைமுகத்து வாக்கு ஒன்றுக்கு, சோழிங்கநல்லூர் வாக்கைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு எடை. புறநகரில் அடுக்குமாடிகள் எழுந்த வேகத்துக்கு எந்த ஆணையமும் ஈடுகொடுக்க முடியாதுதான். அதோடு அரசமைப்பின் 84-வது திருத்தம் வேறு, 2026-க்குப் பிந்தைய முதல் கணக்கெடுப்பு வரும்வரை 234 என்ற எண்ணைப் பூட்டி வைத்தது.