"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பது உதவி ஆகாது

நான் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் செவிலியர். பக்கவாதமோ, புற்றுநோயோ, மறதி நோயோ, எதுவாக இருந்தாலும் கட்டிலில் இருப்பவரைக் கவனித்து முடித்த பிறகு, கூடவே இருந்து பார்த்துக்கொள்பவரிடம் நேற்று ராத்திரி எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கேட்பேன். பலர் நோயாளி எவ்வளவு நேரம் தூங்கினார் என்பதைத்தான் பதிலாகச் சொல்வார்கள். அவரைக் கேட்கவில்லை, உங்களைத்தான் கேட்கிறேன் என்று மறுபடி சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த வீடுகளுக்கு உறவுக்காரர்கள் வராமல் இல்லை. வருகிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள், கிளம்பும்போது "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்கிறார்கள், மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் என்ன வேண்டும், யாரிடம் கேட்பது, கேட்டால் அவருக்குத் தொந்தரவாகுமா, அவர் வந்தால் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று யோசிக்கிற வேலையும் பார்த்துக்கொள்பவர் தலையிலேயே விழுகிறது. அவ்வளவு யோசிப்பதற்குள் நாமே செய்துவிடலாம் என்று விட்டுவிடுகிறார்கள். மாதங்கள் இப்படியே ஓடும். தன்னுடைய சர்க்கரை மாத்திரையை மறப்பார்கள், தனக்குப் பார்க்க வேண்டிய கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார்கள், நண்பர்கள் அழைத்தால் எடுக்க மாட்டார்கள்.

இது மனச்சோர்வோடு நிற்கிற விஷயமும் இல்லை. ரிச்சர்ட் ஷுல்ஸ், ஸ்காட் பீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் வெளியிட்ட ஆய்வு, கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொண்டிருந்த 66 முதல் 96 வயது வரையிலானவர்களைச் சுமார் நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. அந்தப் பொறுப்பில் திணறிக்கொண்டிருந்தவர்களுக்கு, அப்படிப் பொறுப்பு எதுவும் இல்லாதவர்களைவிட இறப்பு அபாயம் 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தாலும் திணறாமல் இருந்தவர்களிடம் அந்த அளவு உயர்வு தெரியவில்லை. எனக்கு இதில் இரண்டாவது பாதிதான் முக்கியம். ஒருவரைப் பார்த்துக்கொள்வதே உடம்பைக் கெடுத்துவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் திணறல் தெரிகிறபோது கண்டுகொள்ளாமல் இருக்கவும் கூடாது.

சரி, உதவியை எப்படிக் கேட்பது? ஒரு தாளை எடுத்து, காலையிலிருந்து மறுநாள் காலை வரை நீங்கள் செய்கிற எல்லாவற்றையும் எழுதுங்கள், மாத்திரை வாங்குவது, துணி துவைப்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது எல்லாமே. அப்புறம் நீங்களேதான் செய்தாக வேண்டும் என்கிறவற்றை மட்டும் வட்டமிடுங்கள். நீங்கள் நினைத்ததைவிட வட்டங்கள் குறைவாகத்தான் இருக்கும். மீதியில் ஒன்றை எடுத்து, ஒரு ஆளிடம், நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்: "வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் அம்மாகூட உட்கார முடியுமா? மருந்தெல்லாம் நான் கொடுத்துட்டுத்தான் போவேன், நீங்க சும்மா பேசிக்கிட்டிருந்தா போதும்." இப்படிக் கேட்டால் மறுப்பவர்கள் குறைவு, ஏனென்றால் தன்னிடம் எதிர்பார்ப்பது எவ்வளவு என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தூரத்தில் இருக்கிற அண்ணன் தம்பிகளுக்கும் வேலை இருக்கிறது. காப்பீட்டுக் காகிதங்கள், மருத்துவரிடம் நேரம் வாங்குவது, இரவுக்கு ஒரு ஆள் வைத்தால் அதற்கான சம்பளம், இதெல்லாம் எங்கிருந்தும் செய்யலாம்.

முடிந்தால் குடும்பத்தை ஒருமுறையாவது ஒன்றாக உட்கார வையுங்கள், உங்கள் மருத்துவக் குழுவில் இருந்து ஒருவர் கூட இருந்தால் இன்னும் நல்லது. மேரி மிட்டல்மன் குழுவினர், மறதி நோய் வந்த துணையைப் பார்த்துக்கொண்டிருந்த 406 பேரிடம் நடத்திய ஆய்வை 2006-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்கு ஆறு ஆலோசனை அமர்வுகள் தரப்பட்டன, அதில் நான்கு குடும்பத்தினரோடு சேர்ந்து. அப்புறம் இதே நிலையில் இருப்பவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு, தேவைப்படும்போது தொலைபேசியில் பேச ஒரு ஆலோசகர். அந்த வீடுகளில் நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டிய நிலை 557 நாள் தள்ளிப்போனது, அதாவது ஒன்றரை ஆண்டு. பார்த்துக்கொள்பவருக்குக் கிடைக்கும் ஆதரவை நோயாளிக்கான சிகிச்சையில் ஒரு பகுதியாகவே நான் எண்ணுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அவர் என்னைத் தவிர யாரையும் கிட்ட விட மாட்டார்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். உண்மைதான். அதனால் புது ஆளை முதல் நாளே தனியாக விட்டுவிட்டுப் போகாதீர்கள். முதல் சில தடவை நீங்களும் அதே அறையில் இருங்கள், பிறகு பக்கத்து அறைக்குப் போங்கள், பிறகு அரை மணி நேரம் வெளியே. பழகிவிடுவார்கள், ஆனால் நீங்கள் களைத்து விழுந்த பிறகு பழக்க ஆரம்பித்தால் இருவருக்குமே கஷ்டம்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் நாளில் அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று செய்து காட்டச் சொல்லுங்கள், அவர்கள் பார்க்க நீங்களும் ஒருமுறை செய்யுங்கள். தப்பான முறையில் தூக்கி இடுப்பைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சிறுநீர் போகவோ உணவு கொடுக்கவோ குழாய் பொருத்தியிருந்தால் அதற்கும் இப்படியே. எந்த அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும், ராத்திரியில் யாரை அழைப்பது என்பதை எழுதி வாங்குங்கள். குடும்பங்களுக்கு வேண்டிய உதவிகளை ஏற்பாடு செய்துதரும் மருத்துவ சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள், உங்களுக்கு ஓய்வு கிடைக்க நோயாளியைச் சில நாள் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டா என்றும் கேளுங்கள். வலிதணிப்புச் சிகிச்சைக் குழு கடைசி நாட்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துப் பலர் ஒதுங்குகிறார்கள். அந்தக் குழு முன்கூட்டியே வரலாம், குடும்பத்தைக் கவனிப்பதும் அவர்கள் வேலையில் சேர்ந்ததுதான். மறதி நோய் என்றால், பராமரிப்பவர்களுக்காகவே உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய ஐசப்போர்ட் என்ற பயிற்சிக் கையேடு இருக்கிறது.

நண்பரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் ராப்பகலாகக் கூட இருந்தாலும், நீங்கள் யார் என்று கேட்டு மருத்துவமனை உங்களிடம் விவரம் சொல்ல மறுக்கலாம். நண்பர் தெளிவாகப் பேசும் நிலையில் இருக்கும்போதே, தன்னைப் பற்றி உங்களிடம் பேசலாம் என்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.

கோபம் வரும், கத்திவிடுவீர்கள், பிறகு அழுவீர்கள். அதற்காக நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை. ஆனால் கை ஓங்கும் அளவுக்கு வந்துவிட்டது, அல்லது செத்துப்போகலாம் போல இருக்கிறது என்றால், அன்றைக்கே ஒருவரை வரவழைத்துவிட்டு, அந்த அறையை விட்டு வெளியே வந்து, மருத்துவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். நாங்கள் அதிர்ச்சியடைய மாட்டோம்.

இன்னொரு தாளும் இன்றே எழுதி வையுங்கள். உங்களுக்கே திடீரென்று காய்ச்சல் வந்துவிட்டால் அடுத்து வருபவருக்குத் தேவையானவை: மாத்திரைகளின் பெயர், அளவு, நேரம், எந்த மருந்து ஒவ்வாது, எந்தப் பக்கம் படுத்தால் வலிக்கும், யாருடைய எண்ணை முதலில் அழைப்பது. அதைக் கட்டில் பக்கத்தில் ஒட்டுங்கள், ஒரு நகலைப் படமெடுத்து இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள்.