சிவப்பாகத் தெரிவதெல்லாம் இளம் விண்மீன் அல்ல

காசிமேடு கரையில் முழுநிலா கடலைவிட்டு எழும்போது செம்பு நிறத்தில் இருக்கும். எண்ணூர்ப் பக்கம் புகை படிந்த நாளில் இன்னும் சிவக்கும். நிலா மாறவில்லை. குறுக்கே நிற்கும் காற்றும் தூசியும் நீல ஒளியைச் சிதறடித்துவிடுகின்றன. அடுப்பில் கனலும் கரித்துண்டும் சிவப்புதான், ஆனால் அது தன் சூட்டால் சிவக்கிறது. விண்மீன்கள் பிறக்கும் வாயு–தூசி முகிலுக்குள் இளம் விண்மீனைத் தேடுவோர் பிரித்தறிய வேண்டியது இந்த இரண்டு சிவப்பையும்தான்.

பிறந்து சில பத்து லட்சம் ஆண்டுகளே ஆன விண்மீனைச் சுற்றித் தூசி வட்டு இருக்கும். விண்மீனின் ஒளியில் சூடேறி அது அகச்சிவப்பில் ஒளிரும். 2009 டிசம்பரில் ஏவப்பட்ட வைஸ் விண்கலம் 3.4, 4.6, 12, 22 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளப் பட்டைகளில் வானம் முழுவதையும் அளந்தது. அந்த அட்டவணையை யாரும் இலவசமாக இறக்கி, வானியல் அட்டவணைகளைக் கையாளும் டாப்கேட் மென்பொருளில் திறக்கலாம்.

பொலிவைக் குறிக்கும் எண் பொலிவெண்; பொலிவு கூடினால் அது குறையும். இரண்டு பட்டைகளில், நீள அலையின் பொலிவெண்ணைக் குறுகிய அலையின் பொலிவெண்ணிலிருந்து கழித்தால் நிறம் கிடைக்கும். வட்டில்லாத சாதாரண விண்மீனுக்கு 3.4, 4.6 மைக்ரான் வித்தியாசம் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அது 0.25ஐயும், 4.6, 12 மைக்ரான் வித்தியாசம் 1ஐயும் தாண்டினால் வட்டு இருக்க வாய்ப்பு உண்டு. இரண்டும் முறையே 1, 2 எனத் தாண்டினால், இன்னும் வாயு–தூசி உறைக்குள் புதைந்திருக்கும் குழந்தை விண்மீனாக இருக்கலாம். குறுக்கே கிடக்கும் தூசி நீள அலைகளை அதிகம் தடுப்பதில்லை என்பதால்தான் இந்தக் கணக்கு எடுபடுகிறது. முகில் மிக அடர்த்தியாக இருந்தால் அதுவும் போதாது. அப்போது டூமாஸ் (2MASS) எனும் அகச்சிவப்பு வான ஆய்வின் 1.25, 1.65, 2.17 மைக்ரான் அளவுகளைக் கொண்டு குறுக்குத் தூசியின் பங்கை மதிப்பிட்டுக் கழிக்க வேண்டும்.

பலரும் சறுக்குவது 12, 22 மைக்ரானில். முகிலே அங்கே பளிச்சென்று ஒளிர்வதால், விண்மீன் இல்லாத இடத்திலும் மென்பொருள் ஒரு புள்ளியைப் பதிந்துவிடும். அட்டவணையில் அளவீட்டின் தரக்குறியீடு ஏ அல்லது பி உள்ளவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் படத்தில் கண்ணால் பார்ப்பதே நல்லது. அலுப்பான வேலைதான், ஆனால் இதற்கு மாற்று இல்லை. வைஸின் பார்வைக் கூர்மையும் சுமார் 6 ஆர்க்செகண்ட்தான் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு). ஓரியன் முகில் இருக்கும் தொலைவில் அது பூமி–சூரியன் இடைவெளியைப் போல 2,400 மடங்கு. அதற்குள் இரண்டு விண்மீன்கள் இருந்தால் ஒன்றாகவே பதிவாகும்.

தொலைதூரக் கேலக்ஸிகளும், தூசி கக்கும் முதிய ராட்சத விண்மீன்களும் இதே நிறத்தில் வந்து கலந்துகொள்ளும். முகிலுக்கு வெளியே அதே பரப்பளவில் ஒரு வெற்று வானத்தை எடுத்து, அதே வரம்புகளைப் போட்டுப் பாருங்கள். அங்கே 20 புள்ளிகள் தேறினால், உங்கள் பட்டியலிலும் ஏறக்குறைய அத்தனை போலிகள் இருக்கும்.

வட்டை இழந்துவிட்ட இளம் விண்மீன்கள் இந்த வலையில் சிக்காது. அவற்றுக்கு கையா விண்கலம் அளந்த இடமாறு கோணம் உதவும்; பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் அந்தக் கோணம், தொலைவைச் சொல்லிவிடும். ரிஷப முகில் சுமார் 140 பார்செக்கில் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) இருப்பதால், அதன் பிள்ளைகளின் இடமாறு கோணம் 7 மில்லி ஆர்க்செகண்டை ஒட்டி இருக்கும்; அவர்கள், ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருப்பார்கள். ஆழப் புதைந்தவை கையாவின் கண்ணுக்கே தெரிந்ததில்லை.

கடைசித் தீர்ப்பு நிறமாலையில்தான். காவலூரில் உள்ள 2.34 மீட்டர் வைணு பாப்பு போன்ற தொலைநோக்கியில், பட்டியலில் உள்ள பொலிவான விண்மீன்களின் நிறமாலையில் 6708 ஆங்ஸ்ட்ராம் (0.6708 மைக்ரான்) அலைநீளத்தில் விழும் லித்தியக் கோட்டைத் தேடலாம். சூரியனைவிடச் சிறிய விண்மீன்கள் வளர வளர லித்தியத்தை எரித்துத் தீர்த்துவிடும். அந்தக் கோடு அழுத்தமாக இருந்தால் விண்மீன் இளையது.