டிக்கெட் பேப்பர்ல எத்தனை பிஎன்ஆர் இருக்குன்னு எண்ணிப் பாருங்க

நாகர்கோவில்ல கன்ஸ்யூமர் கேஸ் பாக்குற வக்கீல் நான். முன்னெல்லாம் சீட்டுக் கம்பெனி, ரிப்பேரான ஃபிரிட்ஜ், பாதியில நிக்குற வீடு, இதுதான் வரும். இப்ப கொஞ்ச வருஷமா பிளைட் விவகாரம் நெறைய வருது, வராம என்ன செய்யும், குளச்சல் இனயம் பக்கம் கல்ஃபுக்கு போட் வேலைக்குப் போறவங்க, கருங்கல் மார்த்தாண்டம் பக்கம் யூரோப்ல நர்ஸா இருக்கிற பிள்ளைங்க, கப்பல்ல ஏறுற பையனுங்கன்னு எல்லாருக்கும் திருவனந்தபுரம்தான் ஏர்போர்ட், கல்ஃபைத் தாண்டிப் போறவங்களுக்கு அங்கேருந்து நேரா போறது பெரும்பாலும் அமையாது, கல்ஃபுலயோ மும்பையிலயோ இறங்கி மாறித்தான் ஆகணும். அந்த மாறுற எடத்துலதான் எல்லா வம்பும்.

ஒருநாள் காலையில ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க (ஆள் தெரியாம இருக்க விவரத்தைக் கொஞ்சம் மாத்தியிருக்கேன்). பையனுக்கு கப்பல்ல ஜாயின் பண்ணணும். திருவனந்தபுரம் டு மும்பை பிளைட் ரெண்டரை மணி நேரம் லேட்டு, மும்பையிலிருந்து போற இன்டர்நேஷனல் பிளைட் போயிடுச்சு. கவுண்டர்ல கேட்டா "நீங்க நோ ஷோ"ன்னு, அதாவது டைமுக்கு வராத ஆளுன்னு சொல்லிட்டாங்க. அப்பா டிக்கெட்ட என் மேசையில விரிச்சு வெச்சு, "ஒரே ஏஜென்ட்டுகிட்ட, ஒரே நாள்ல, ஒரே காசா குடுத்து எடுத்தது சாரே, பின்ன எப்படி அவங்க பொறுப்பில்லன்னு சொல்லலாம்?"னு கேட்டார். பேப்பர் ஒண்ணுதான். ஆனா மேல மும்பை பிளைட்டுக்கு ஆறு எழுத்துல ஒரு பிஎன்ஆர் (புக்கிங் நம்பர்), கீழ வெளிநாட்டு பிளைட்டுக்கு வேற ஆறு எழுத்து, வேற கம்பெனி. ஏஜென்ட் ரெண்டு டிக்கெட்ட ஒரே ஷீட்ல அழகா பிரிண்ட் போட்டு குடுத்திருக்கார். சட்டத்தோட கண்ணுல அது ரெண்டு தனித்தனி ஒப்பந்தம். முதல் கம்பெனி "நாங்க மும்பைல இறக்கி விட்டுட்டோம்"னும், ரெண்டாவது கம்பெனி "எங்க பிளைட் டைமுக்குப் போச்சு, நீங்கதான் வரல"ன்னும் சொல்லும், ரெண்டு பேரு சொல்றதுலயும் பெரிசா தப்பு கண்டுபிடிக்க முடியாது. இப்படி பிரிச்சு எடுத்தா மூவாயிரம் நாலாயிரம் கொறையும், அதுக்காக எடுத்தது.

அந்தப் பையனுக்கு ரெண்டாவது டிக்கெட்ல திரும்பக் கிடைச்சது வரியும் யூடிஎஃப்ங்கற ஏர்போர்ட் கட்டணமும் மட்டும்தான். நான்-ரிஃபண்டபிள் டிக்கெட்டா இருந்தாலும், ஏறாமப் போன ஆளுக்கு ஏர்போர்ட் கட்டணத்தையும் வரியையும் திருப்பிக் குடுக்கணும்னு டிஜிசிஏ (விமானத் துறையைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) ரூல் இருக்கு. அதைக்கூட கேக்காம விடுறவங்கதான் ஜாஸ்தி.

இதே விஷயம் ஒரே பிஎன்ஆரா இருந்தா எப்படி மாறுதுன்னு பாருங்க. ஜெர்மனில வேலை பாக்குற நர்ஸ் பிள்ள, தங்கச்சி நிச்சயத்துக்கு ஊருக்கு வருது. பிராங்க்ஃபர்ட்ல ஏறி, கல்ஃபுல மாறி, திருவனந்தபுரம். கல்ஃப் கம்பெனி, ஒரே புக்கிங். முதல் பிளைட் ஒண்ணே கால் மணி நேரம்தான் லேட்டு, ஆனா கனெக்ஷன் போயிடுச்சு, அடுத்த பிளைட்ல ஏத்தி விட்டு வீட்டுக்கு வரும்போது பதினாலு மணி நேரம் லேட்டு, நிச்சயம் முடிஞ்சு பந்தல் பிரிச்சுட்டிருக்காங்க. கம்பெனிக்கு மெயில் போட்டா "எங்க பிளைட் ஒரு மணி நேரம் சொச்சம்தான் லேட், காம்பன்சேஷன் கிடையாது"ன்னு பதில்.

இங்கதான் ஆட்கள் ஏமாந்து போறாங்க. யூரோப்பியன் யூனியன்ல 261/2004ன்னு ஒரு ரெகுலேஷன் உண்டு. யூரோப்லேருந்து கெளம்புற எந்தக் கம்பெனி பிளைட்டுக்கும் அது பொருந்தும், கம்பெனி எந்த நாடுங்கறது கணக்கில்ல. லேட்ட எங்க கணக்குப் பாக்கணும்னா கடைசியா இறங்குற ஊர்ல, நடுவுல இல்ல. 2013ல ஏர் பிரான்ஸ் வழக்குல அவங்க கோர்ட் அதைத் தெளிவா சொல்லிடுச்சு. 2018ல பெர்லின்லேருந்து காசாபிளாங்காவுல மாறி அகாதிர் போன ஒரு வழக்குல, நடுவுல மாறுற ஊர் யூரோப்புக்கு வெளிய இருந்தாலும் ஒரே புக்கிங்னா மொத்தமும் ஒரே பயணம்தான்னும் சொல்லிட்டாங்க. 3,500 கிலோமீட்டருக்கு மேல, மூணு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா 600 யூரோ, மூணுக்கும் நாலுக்கும் நடுவுலன்னா அதைப் பாதியா கொறைக்க கம்பெனிக்கு உரிமை உண்டு. மோசமான வானிலை, ஏர் டிராஃபிக் கன்ட்ரோல் பிரச்சனைன்னா காசு கிடையாது, சாப்பாடும் ரூமும் அப்பவும் குடுக்கணும். "டெக்னிக்கல் ஃபால்ட்"ங்கறது சாதாரணமா சாக்கு ஆகாது. இதையெல்லாம் எழுதி ரெண்டாவது மெயில் போட்டோம், மூணு மாசம் இழுத்து 600 யூரோ அந்தப் பிள்ள அக்கவுண்ட்ல வந்துச்சு. கேஸே போடல.

அதே பிள்ள லீவு முடிஞ்சு திரும்பிப் போகும்போது அதே கம்பெனி லேட் பண்ணியிருந்தா? அந்த 600 யூரோ கிடையாது. இந்தியாவுலேருந்து யூரோப் போகும்போது யூரோப் கம்பெனி ஓட்டுற பிளைட்டுக்குத்தான் அந்த ரெகுலேஷன். பிரிட்டனுக்கும் இதே மாதிரி தனிச் சட்டம் இருக்கு, தூரப் பயணத்துக்கு 520 பவுண்ட் வரை. அதனால டிக்கெட் எடுக்கும்போது ரேட்டு ஏறக்குறைய ஒண்ணா இருந்தா எந்தக் கம்பெனின்னு ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

மத்த எல்லாத்துக்கும் நமக்கு இருக்கறது மான்ட்ரியல் கன்வென்ஷன், வெளிநாட்டு பிளைட் பயணத்துக்கு நாடுங்க சேர்ந்து போட்ட ஒப்பந்தம். 2009லேருந்து இந்தியாவுல அமல்ல இருக்கு. ஆனா அது ஃபிக்ஸட் தொகை குடுக்காது, உங்களுக்கு என்ன நஷ்டம்னு பில்லோட காட்டணும், கம்பெனி தன்னால முடிஞ்சதெல்லாம் செஞ்சதுன்னு நிரூபிச்சா அதுவும் கிடையாது. 2024 டிசம்பர் 28லேருந்து லேட்டுக்கு உச்சவரம்பு 6,303 எஸ்டிஆர், பெட்டிக்கு 1,519 எஸ்டிஆர். எஸ்டிஆர்ங்கறது ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வெச்சிருக்கிற பணக் கணக்கு, ஒரு எஸ்டிஆர் நூறு ரூபாய்க்கு மேல வரும். உச்சவரம்புன்னுதான் சொன்னேன், "பெட்டி போச்சா, 1,519 குடு"ன்னு கேக்க முடியாது.

பெட்டின்னதும் ஒரு அம்மா ஞாபகம் வருது. மகளுக்கு லண்டன்ல பிரசவம், அம்மா மொத தடவையா பிளைட் ஏறிப் போறாங்க, ஆளு போய் இறங்கியாச்சு பெட்டி வரல. மகள் போன்லயே "அம்மா நீ வெளிய வந்துடாத, அந்தக் கவுண்டர்ல எழுதிக் குடுத்துட்டு நம்பர் வாங்கு"ன்னு கத்தியிருக்கு. அந்தப் பேப்பருக்கு பிஐஆர்னு பேரு. அது இல்லாம கேட்டைத் தாண்டி வெளிய வந்துட்டா அப்புறம் பெட்டி எங்க தொலைஞ்சதுன்னு நாமதான் நிரூபிச்சுக்கிட்டு அலையணும். போர்டிங் பாஸ் பின்னால ஒட்டித் தர்ற சின்ன பார்கோடு ஸ்டிக்கர்தான் பெட்டிக்கு ரசீது, நம்மாளுங்க அதைப் பேன்ட் பாக்கெட்ல போட்டு அப்படியே துவைச்சுடுவாங்க.

பிஐஆர் குடுத்தா மட்டும் போதாது, இது முக்கியம். பெட்டி உடைஞ்சு வந்தா கைக்கு வந்த ஏழு நாளுக்குள்ள, லேட்டா வந்தா வந்த நாள்லேருந்து 21 நாளுக்குள்ள எழுத்துல கம்ப்ளெயின்ட் போயிருக்கணும். கஸ்டமர் கேருக்கு போன் பண்ணி அரை மணி நேரம் பாட்டு கேட்டதெல்லாம் கணக்குல வராது. 21 நாளாகியும் வரலன்னா தொலைஞ்சதுன்னே எடுத்துக்கிட்டு கேக்கலாம். கேஸ் போட ரெண்டு வருஷம், அதுக்கு மேல ஒரு நாள் போனாலும் கஷ்டம்.

நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்துல, குடுத்த காசு அஞ்சு லட்சம் வரைன்னா ஃபீஸ் கிடையாது, நாம குடியிருக்கிற ஊர்லயே போடலாம்னு 2019 சட்டம் சொல்லுது. வெளிநாட்டுக் கம்பெனி வக்கீல் வந்து "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரமில்ல"ன்னுதான் முதல்ல ஆரம்பிப்பார், திருவனந்தபுரம்லேருந்து போயிட்டு திரும்பி வர்ற டிக்கெட்டா இருந்தா நமக்கு வாதாட பலம் ஜாஸ்தி, ஏன்னா மான்ட்ரியல் கணக்குல கடைசியா போய்ச் சேர்ற ஊரை வெச்சும் கேஸ் போடலாம், அப்ப கடைசி ஊரே திருவனந்தபுரம்தான்.

அந்த அம்மா பெட்டி அஞ்சு நாள் கழிச்சு வந்துச்சு. அதுவரைக்கும் குளிர்ல போட ஸ்வெட்டர், ஷூ, உள்ளாடை, சோப்புன்னு மகள் வாங்கின எல்லாத்துக்கும் பில் இருந்துச்சு, கம்பெனி குடுத்துடுச்சு. பெட்டிக்குள்ள இருந்த மீன் ஊறுகாய் பாட்டில் உடைஞ்சு முந்திரிக்கொத்து ரெண்டு கிலோவும் அதுல ஊறிப் போயிருந்துச்சு, அதையும் லிஸ்ட்ல எழுதச் சொன்னாங்க. நானும் எழுதினேன். பர்ச்சேஸ் பில் அனுப்புங்கன்னு பதில் வந்துச்சு. "வீட்ல இடிச்சு உருட்டினதுக்கு எவன் பில் தருவான்"னு அம்மா லண்டன்லேருந்து போன்ல கேட்டாங்க, லிஸ்ட்லேருந்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துட்டு அனுப்பினேன்.