சந்தேகத்துக்கு எந்தச் சாட்சியும் போதாது

இரவு நேர நாடகங்களில் மனைவியைச் சந்தேகப்பட்டு வதைக்கும் கணவன் கடைசியில் ஏதோவொரு சாட்சியைக் கண்டு திருந்திவிடுவான். உளவளத்துணைக்கு என்னிடம் வரும் பெண்கள் பலரும் அப்படியொரு சாட்சியைத்தான் தேடிக் களைத்திருக்கிறார்கள்.

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து மட்டக்களப்பு நகரக் கடையொன்றுக்கு வேலைக்கு வரும் ஒரு தங்கச்சி. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பிந்தி வந்தால் சண்டை. பஸ் ரிக்கற்றைக் கொண்டுவந்து காட்டினாள். ரிக்கற் எடுத்த நேரத்துக்கும் வீடு வந்த நேரத்துக்கும் இடையில் எங்கே போனாய் என்றான். சரி என்று பஸ்ஸிலிருந்தே வீடியோ கோல் எடுத்தாள். பக்கத்தில் இருக்கிறவன் யார் என்றான். பிறகு ரிக்கற்றுகளை அவனே எடுத்து ஒளித்துவிட்டு, “நீ தரவே இல்லை, உனக்கு விசர்” என்று சொல்லத் தொடங்கினான். அவள் என்னிடம் முதலில் கேட்டது கணவனைப் பற்றியல்ல: “மிஸ், எனக்கு மறதி வருத்தமா?”

அடித்த காயம் இல்லாததால் இதை வன்முறை என்று சொல்லச் சொந்தக்காரரே தயங்குகிறார்கள். “பாசம் கூடினதால கேக்கிறான்” என்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், தொடர்ச்சியான கடும் மனவதையையும் வன்முறையாகவே பார்க்கிறது. நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். நம் பகுதியில் சீதன வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெளியேறுவது அவள்தான். அவன் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதிமன்றம் கட்டளையிட முடியும் என்பது பலருக்குத் தெரியாது.

எல்லாச் சந்தேகமும் அடக்கி ஆளும் குணம் அல்ல. சிலருக்கு அது நோய். நீண்டகாலக் குடியோடும் வரும். எந்த ஆதாரத்துக்கும் அசையாத அந்த நம்பிக்கைக்கு மருந்து உண்டு. ‘சந்தேக வருத்தம்’ என்று கூப்பிட்டால் வரமாட்டார்கள். நித்திரையில்லை, குடியை விடவேண்டும் என்று சொல்லி மனநலப் பிரிவுக்குக் கூட்டிவாருங்கள். ஆனால் பின்தொடர்கிறான், கழுத்தைப் பிடித்தான், கொல்லுவேன் என்கிறான் என்றால் மருந்து வேலைசெய்யும்வரை காத்திருக்க வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அழைக்க வேண்டிய தொலைபேசி இலக்கங்கள்: பெண்களுக்கு 1938, மனநல உதவிக்கு 1926.

அந்தத் தங்கச்சியிடம் ஒரு கொப்பியில் திகதி போட்டு நடந்ததை அன்றன்றே எழுதச் சொன்னேன். அவனுக்குக் காட்ட அல்ல, அவளே வாசித்துப் பார்க்க. கொப்பியை வீட்டில் வைக்காமல் அக்காவிடம் கொடுத்து வைக்கவும் சொன்னேன். நீதிமன்றம் போக நேர்ந்தால் அதுவும் உதவும்.